மூளைக்குப் போகிற லாரி

கிளைட்டன் வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததும் மரியசெல்வி ஒரு தட்டைச் சட்டென்று அடுப்பு மேடைக்குக் கீழே தள்ளினாள். தள்ளிய வேகத்தில் ஒரு மீன் முள் தெறித்துத் தரையில் விழுந்தது.

“என்னம்மா அது?”

“சீலா மீன் பொரிச்சேன், பெரியத்தான். எனக்கு.”

“மணி பத்தே கால்கூட ஆகல. புருஷனுக்குக் கஞ்சி, உனக்குப் பொரிச்ச சீலாவா? நல்லாருக்கு உன் நியாயம்!”

கணவனின் அண்ணன் அப்படிக் கேட்டதும் அவள் குனிந்து முள்ளைப் பொறுக்கினாள். கூடத்து நாற்காலியில் இருந்த ஃபிராங்க்ளின்தான் அண்ணனைப் பார்த்துச் சிரிக்க முயன்றான். துறைமுகத்தில் முப்பது வருடம் இழுவைப் படகு ஓட்டியவன். பார்க்கின்சன் நோய் வந்தபிறகு, மாத்திரை வேலை செய்தால் நடப்பான். செய்யாவிட்டால் நங்கூரம் போட்ட மாதிரி இருந்த இடத்திலேயே இருப்பான்.

கிளைட்டன், மருந்தியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய விசிட்டிங் கார்டில் பெயர் ஒரு வரி, பட்டங்கள் மூன்று வரி. போன மாதம் இதே கூடத்தில் ஒரு மணி நேரம் வகுப்பெடுத்திருந்தார். கேட்டவர்கள் தம்பி, தம்பி மனைவி, ஒரு மின்விசிறி.

இன்றும் விடவில்லை. “மறுபடி சொல்லுதேன், கேளுலே. மூளைக்கு ஒரு கேட் இருக்கு. நம்ம துறைமுகத்து கேட் மாதிரி, பாஸ் இல்லாம எதுவும் உள்ள போவாது. உன் மாத்திரைக்குச் சொந்த வண்டி கிடையாது. புரதச் சத்தை ஏத்திட்டுப் போற லாரியிலதான் அதுவும் தொத்திக்கிட்டு உள்ள போவணும். நீ மீனைத் தின்னுட்டு மாத்திரையப் போட்டேன்னு வையி, லாரி பூரா மீன்தான்! மாத்திரை கேட்டுக்கு வெளியவே நிக்கும், நீ கல்லு மாதிரி உக்காந்துருவ. அதான் பகல்ல கஞ்சி, ராத்திரிக்கு மீன். வெளங்குதா?”

“சரிண்ணே.”

அறுபது வருடமாக அண்ணனுக்கென்று தம்பியிடம் இருந்தது அந்த ஒரே சொல்தான். அப்பா தம்பி பேருக்கு எழுதிவைத்த இந்தக் கடற்கரை வீட்டை ஒரு குடோன்காரருக்கு விற்றுவிடலாம் என்று கிளைட்டன் சொன்னபோதும் “சரிண்ணே”. விற்றபிறகு மில்லர்புரத்தில் தன் வீட்டு மாடியறையில் வந்து இருந்துகொள்ளலாம் என்றபோதும் “சரிண்ணே”. மரியசெல்வி மட்டும் அன்று சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே நின்றாள்.

பன்னிரண்டு மணிக்குப் பத்திர ஆபீசில் டோக்கன். அந்த நேரத்துக்குத் தம்பி துடிப்பாக இருக்க வேண்டும். வகுப்பு முடிந்தபோது சரியாகப் பதினொன்று. கிளைட்டன் தன் கையாலேயே மாத்திரையைப் பிரித்துத் தம்பியின் நாக்கில் வைத்தார்.

தண்ணீர் டம்ளரை வாங்கிய தம்பியின் விரல் நுனிகள் மஞ்சளாகப் பிசுபிசுத்தன.

“சுகமில்லாத மனுஷனுக்குக் கையைக்கூடக் கழுவிவிட மாட்டியா? என்னத்தப் பாத்துக்கிடுதியோ!” என்று மரியசெல்வி மேல் பாய்ந்தார். அவள் ஈரத்துணி எடுத்துவந்து துடைத்துவிட்டாள்.

காரில் ஏறும்போது தம்பியின் வலது கால் இழுத்தது. “ஒண்ணுமில்ல, மருந்து ஏற நேரமெடுக்கும்” என்றார். பன்னிரண்டுக்கு டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். பத்திர ஆபீஸ் வாசலில் தம்பியின் இரண்டு கால்களும் தரையோடு ஒட்டிக்கொண்டன. இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

சார்பதிவாளர் அம்மா பத்திரத்திலிருந்து தலை நிமிர்ந்தார். “ஐயா, உங்க சொந்த விருப்பத்துலதான் வீட்டை எழுதிக் கொடுக்கீங்களா?”

ஃபிராங்க்ளின் அசையவில்லை. இமைகூடத் தட்டவில்லை.

“சரின்னு சொல்லுலே!”

உதடு பிரியவில்லை. குடோன்காரர் ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தார்.

“அவனுக்குப் பூரண சம்மதம்தான் மேடம். விஷயம் என்னன்னா, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவுல ஒரு தடுப்பு இருக்கு. அதுல பாத்தீங்கன்னா…”

“அவரே வாயத் திறந்து சொல்லணும் சார். இல்லேன்னா பதிய முடியாது. அடுத்த டோக்கன்!”

மூன்று வரிப் பட்டங்களும் அந்த மேசை முன்னால் செல்லுபடியாகவில்லை.

திரும்பும் வழியில் காரை ஓரங்கட்டி நிறுத்தி, பின்சீட்டில் இருந்த மரியசெல்வியைப் பார்த்தார். “உண்மையைச் சொல்லு. அவனுக்கு மீன் ஊட்டிவிட்டியா?”

“பனிமய மாதா சத்தியமா நான் ஊட்டல, பெரியத்தான்.”

மாதா மேல் அவள் பொய்ச் சத்தியம் செய்கிறவள் இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஆகவே விஞ்ஞானத்தின் பக்கம் திரும்பினார். “அப்போ டோஸ் பத்தல” என்று தீர்ப்புச் சொல்லி, இருவரையும் வீட்டில் இறக்கிவிட்டுப் போனார்.

மாலை நாலு மணிக்குப் புது டோக்கனோடு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே காலடிச் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியே பார்த்தால், தம்பி ஜம்மென்று கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தான். இரண்டு மணி மாத்திரை கேட்டைத் தாண்டிவிட்டது! ‘பாத்தியாலே, நான் சொல்லல?’ என்று கேட்கக் கிளைட்டன் வாயைத் திறந்தார்.

அதற்குள் தம்பியின் குரல் கேட்டது.

“ஏளா, அண்ணன எதுத்துப் பேச எனக்கு வாய் வராது. அடுத்த டோக்கனுக்கும் நாலு துண்டு பொரிச்சிரு.”