பூவுக்குப் பூ

எரிந்த தேன்கூட்டின் வாசனையை நீங்கள் முகர்ந்ததுண்டா? தவமணி மொட்டைமாடிக்கு வந்தபோது மெழுகும் கரியுமாக அதுதான் அடித்தது. தண்ணீர்த்தொட்டிக்கு அடியிலிருந்த கூட்டைக் குடியிருப்பின் செக்ரெட்டரி வரதராசன் பந்தம் காட்டிக் கொளுத்தியிருந்தார்.

"யாரையாவது கொட்டுச்சா சார்?"

"கொட்டுறதுக்கு முன்னாடியே முடிச்சிட்டேம்மா. எல்லாருக்கும் நல்லதுதானே?"

"நாளைக்கு என் பூசணியில பெண் பூ விரியுது. மூணு வருசமா விதை போட்டு இப்பத்தான் வந்திருக்கு. உங்க கொடியிலயும்தான் ஒண்ணு நிக்குது. தேனீ இல்லாம எப்படிப் பிஞ்சு பிடிக்கும்? பூவுக்குப் பூ நீங்க போய் உக்காருவீங்களா?"

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

மறுநாள் காலை தவமணி ஓர் ஆண் பூவைக் கிள்ளி, தன் பெண் பூவுக்குள் மகரந்தத்தைத் தடவினாள். மிச்சத்தை வரதராசனின் பூவுக்கும் தடவினாள்.