கடைசிக் கதவு

"புள்ளத்தாச்சிய உக்கார வச்சிப் பேய் காட்டுறானே, இவனெல்லாம் மனுசனா?"

பக்கத்து வீட்டு வீரம்மாவிடம் பொரிந்து தள்ளினாள் காளியம்மா.

பின்னே? மருமகள் நவமணிக்கு நிறைமாதம். குழந்தை குறுக்கே கிடக்கிறது, ஆஸ்பத்திரியில்தான் பெற வேண்டும் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். அவளோ செத்தாலும் வரமாட்டேன் என்கிறாள். சின்ன வயதில் அம்மாவை ஆஸ்பத்திரிக்குள் அனுப்பிவிட்டு வெளியே நின்றவள். அம்மா திரும்பி வரவேயில்லை. இன்றைக்கும் அந்த நீள ஆஸ்பத்திரி வராந்தா என்றாலே அவளுக்குப் பயம்.

கட்டினவன் நாலு வார்த்தை எடுத்துச் சொல்ல வேண்டாமா? மகன் ஜெயபாலனுக்கு ஈப்போவில் கம்ப்யூட்டர் கடையில் வேலை. அங்கிருந்து ஒரு பெட்டியைத் தூக்கிவந்து டிவியில் மாட்டி, சாயங்காலமானால் பெண்டாட்டியோடு பேய் விளையாட்டு!

"இன்னொண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்கக்கா." ஆஸ்பத்திரியில் கூட்டுகிற வீரம்மா குரலைத் தாழ்த்தினாள். "ஒங்க மவன் மத்தியானத்துல அங்கதான் சுத்துறாப்ல. நேத்து ஒரு நர்சு மிஸ்ஸிகிட்ட சிரிச்சிச் சிரிச்சிப் பேசுனாப்ல."

காளியம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று வீட்டுக்குள் போனாள்.

டிவியில் ஒரே இருட்டு. நடுவில் வெள்ளைக் கோடுகளால் வரைந்த ஒரு நீள வழி. நவமணி பட்டனைத் தட்டத் தட்ட, அவளே நடக்கிற மாதிரி சுவர்கள் நகர்ந்தன. டொக் டொக்கென்று காலடிச் சத்தம் வேறு. முக்கில் திரும்பினால் வெள்ளையாக ஒன்று வழிமறித்து நின்றது.

"அடியாத்தி! ஓடிரு தாயி!"

"ஓடக்கூடாதத்தை. ஓடுனா மறுபடி வாசல்லேருந்து வரணும்லா. அது 'நாமா சியாப்பா'ன்னு பேரு கேக்கும். பேரச் சொல்லி, செவப்பு அட்டையக் குடுத்தா வழி விட்டிரும்."

"பேயி மலாய் பேசுதா!"

"கடைசிக் கதவுதான் தொறக்கவே மாட்டேங்குது. அதுக்கு என்னா பண்ணணும்னு இவரும் சொல்ல மாட்டேங்கிறாரு."

பக்கத்தில் இருந்த ஜெயபாலன் பெட்டியை அணைத்துவிட்டு எழுந்து போனான். கல்லுளிமங்கன்.

வெள்ளிக்கிழமை காலையில் வலி கண்டது. அழ அழ டாக்சியில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நவமணி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். காளியம்மாவுக்கு உயிரே இல்லை.

நவமணி உள்ளே எட்டிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னாங்க... இப்ப எடது பக்கம்தானே?"

ஜெயபாலன் தலையாட்டினான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். முக்கில் வெள்ளைச் சீருடையில் ஒரு மிஸ்ஸி வழிமறித்தாள்.

"நாமா சியாப்பா?"

அந்த வலியிலும் நவமணி களுக்கென்று சிரித்துவிட்டாள். "நவமணி!" என்று சொல்லி, கிளினிக்கில் கொடுத்த சிவப்பு அட்டையை நீட்டினாள். பிரசவ அறைக் கதவைத் தானே தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

மத்தியானத்துக்குள் உள்ளேயிருந்து வீறிட்ட அழுகை கேட்டது. "பொண்ணு. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க" என்றாள் மிஸ்ஸி. அப்பாடா! காளியம்மா பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து, மகனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இத்தன நாளா இந்த வராந்தாவையா டிவிக்குள்ள கட்டிக்கிட்டு இருந்த? நான் உன்ன என்னென்னமோ நெனச்சிட்டேனேடா. சரி, அந்தக் கடைசிக் கதவ மட்டும் ஏன் பூட்டி வச்ச?"

அப்போதுதான் ஜெயபாலன் உடைந்து அழுதான்.

"உள்ள என்னா இருக்கும்னு எழுத எனக்கே பயமா இருந்துச்சும்மா."