வெட்டின ஓரம்

"டவுசர் பையன் எங்க?"

அப்பா கம்ப்யூட்டர் திரையில மூக்கு உரசற மாதிரி குனிஞ்சுக்கிட்டுக் கேட்டாரு.

மக சட்டுனு திரையில இருந்து பார்வையைத் திருப்பிக்கிட்டா. ஆனா வாய் மட்டும் வழக்கம்போல சிடுசிடுத்துச்சு. "எந்தப் பையன்ப்பா? படம் முழுசாத்தானே இருக்கு?"

முழுசா இல்ல. அது அவளுக்கே தெரியும்.

அப்பாவுக்குக் கரண்ட் மீட்டர் பாக்கற வேலை. சுத்துப்பட்டு கிராமத்துல ஒரு வீடு விடாம ஏறி இறங்குவாரு. மீட்டரைக் குறிச்சோமா, கிளம்பினோமானு இருக்க மாட்டாரு. பழைய போட்டோ இருக்கா, படம் போட்ட தபால் அட்டை இருக்கானு ஆரம்பிச்சிடுவாரு. கேட்டா ஊர் வரலாறாம்.

அடுத்தவங்க போட்டோ நம்ம வீட்டுல ஒரு ராத்திரிக்கு மேல தங்கக் கூடாதுங்கறது அவர் போட்ட சட்டம். அதனால வர்றதையெல்லாம் அன்னன்னிக்கே அவதான் ஸ்கேன் பண்ணணும். பரீட்சையா இருந்தாலும் சரி, காய்ச்சலா இருந்தாலும் சரி. காலையில பழசையும், கூடவே புதுசா எடுத்த ஒரு பிரதியையும் கொண்டுபோய்க் குடுத்துட்டு வருவாரு.

அவருக்குக் கண்ணு வேற மங்கல். மீட்டரையே ரெண்டு தரம் பாத்துத்தான் குறிப்பாரு. பழைய போட்டோவைக் கையில வச்சுப் பாத்தா ஒண்ணும் புரியாது. லீவு நாள்ல எல்லாத்தையும் திரையில பெருசு பண்ணி, ஒவ்வொண்ணா பாத்துக்கிட்டே இருப்பாரு.

சாப்பாட்டு மேஜை முழுக்க முன்னப்பின்ன தெரியாத மாப்பிள்ளைங்க. தட்டு வைக்க இடம் இருக்காது.

"ஊரான் வீட்டு மாமனாருக்கெல்லாம் இங்க இடம் இருக்கு, எனக்குத்தான் இல்ல"னு அம்மா கரண்டியை நங்குனு வைப்பாங்க. அதுவும் நியாயம்தான். அப்பாவோட சொந்தத்துல ஒருத்தர் படம்கூட அந்த வீட்டுச் சுவத்துல கிடையாது.

அந்த எரிச்சல்லதான் அவ வெட்ட ஆரம்பிச்சா. கல்யாணப் படம்னா பொண்ணு மாப்பிள்ளை போதாதா? ஓரத்துல யாரோட கையோ, பாதி மாடு, எட்டிப் பாக்கற வாண்டுங்க. எல்லாத்தையும் சரக்குனு வெட்டிட்டு அதே பேர்லயே சேமிச்சிடுவா; வெட்டாத முழுப் படம் அதோட அழிஞ்சிடும்.

போட்டோ குடுத்த வீட்டுக்காரங்களுக்கு ஒரே சந்தோஷம். பால்காரர் வீட்டுல புதுசைச் சுவத்துல மாட்டிட்டு, செல்லரிச்ச பழசை அடுப்புல போட்டுட்டாங்களாம். அதைக் கேட்ட அன்னிக்கு அப்பா சாப்பிடாமயே படுத்துட்டாரு. ஒரு காகிதத்துக்கு இவ்வளவானு அவ தலையில அடிச்சுக்கிட்டா.

"வாசப்படி ஓரமா நிக்கற டவுசர் பையனைக் காட்டி, 'அது நான்தான்'னு போட்டோ குடுத்த வீட்டுக்காரரே சொன்னாரு"னு அப்பா இப்ப நேத்து வாங்கிட்டு வந்த அந்தப் பழைய போட்டோவைத் தூக்கித் திரைக்குப் பக்கத்துல பிடிச்சாரு. கையில இருக்கான். திரையில இல்ல. "எல்லாத்தையும் இப்படித்தான் வெட்டினியா?"

அடி விழும்னு அவ தோளைக் குறுக்கிக்கிட்டா.

விழல. அப்பா பொத்துனு நாற்காலியில உக்காந்துட்டாரு.

"நடுவுல நிக்கறவங்களை யாரு தேடறா, பாப்பா? எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா. சின்னதுலயே போயிட்டா. போட்டோ எடுக்க எங்களுக்கு ஏது வசதி? ஆனா ஊருக்குள்ள எங்க கேமராக்காரர் வந்தாலும் ஓடிப்போய் ஓரமா நின்னுடுவா. துரத்துவாங்க. மறுபடி வந்து நிப்பா. என் சட்டையைத்தான் மாட்டியிருப்பா, முட்டிக்குக் கீழ தொங்கும். எவன் வீட்டுப் படத்துலயாவது இருப்பா."

அவ அப்பா பக்கம் திரும்பினா.

"அப்பா... அந்தச் சட்டையில பை கிழிஞ்சு தொங்குமா?"

அப்பா கண்ணாடியைக் கழட்டினாரு.

"எந்த வீடு?"

"பால்காரர் வீடு."

உள்ள இருந்த அம்மா அடுப்பை அணைச்சுட்டு வந்து கதவோரமா நின்னாங்க.

அப்பா திட்டல. நாற்காலியை அவ பக்கமா இழுத்துப் போட்டுக்கிட்டாரு.

"நீ பாத்திருக்கல்ல? மூஞ்சி எப்படி இருந்துச்சு, சொல்லு. சிரிச்சுக்கிட்டு இருந்தாளா?"

அவ கண்ணை இறுக்கி மூடிக்கிட்டா. சட்டை வந்துச்சு. கிழிஞ்ச பை வந்துச்சு.

அதுக்கு மேல ஒண்ணும் வரல.