கடற்குதிரை

விடத்தல்தீவுக் கரையில் புதுத் தகரக்கூரைகள் காலை வெயிலில் கண்ணைக் கூச வைக்கின்றன. வலையில் சிக்கிய நண்டுகளை மாக்கிறட் கழற்றுகிறாள். நூலில் வாலைச் சுற்றியபடி ஒரு கடற்குதிரை உயிரோடு தொங்குகிறது. புருஷனின் தலை ஸ்கான் படத்தைக் காட்டி டொக்டர் சொன்னது இதைத்தான்: சண்டைக்காலத்தில் ஷெல் துண்டு பட்டது புதிய நினைவுகள் பதியும் இடத்தில், அது கடற்குதிரைபோல் வளைந்திருப்பதால் பழைய வைத்தியர்கள் கிரேக்க மொழியில் அந்தப் பெயரையே வைத்தார்களாம். அவள் கடற்குதிரையைக் கழற்றிப் புருஷன் அமிர்தநாயகத்தின் உள்ளங்கையில் வைக்கிறாள். அவர் சிரிக்கிறார். "நிக்சனுக்குக் காட்டோணும். எங்க அவன்?" அதே ஷெல்லில் மகன் செத்ததை நேற்றும் சொன்னாள், நேற்றும் அவர் புதிதாக அழுதார். "கடலுக்குப் போயிருக்கிறான், வந்திடுவான்" என்கிறாள் முதல் தடவையாக. "அதைத் தண்ணியில விடுங்கோ, செத்திடும்." அவர் முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கையை விரிக்கிறார். அதன் வால் அவர் சுண்டுவிரலை விடவில்லை.