காவலரின் தொப்பி

ஹாலிவுட்டில் எங்கள் சிறைமுகாம் நகைச்சுவைத் தொடரின் படப்பிடிப்பு. எனக்கு நாஜி சார்ஜென்ட் வேடம்.

"என்ன எர்வின், கைதிங்ககிட்ட கெஞ்சுறே? அதட்டுய்யா! முகாம்னா என்னன்னு தெரியுமா உனக்கு?" என்று டைரக்டர் ஸ்டான்லி கத்தினார். அது எட்டாவது டேக்.

கைதி வேடத்தில் நின்ற பெரியவர் எகோன் கை தூக்கினார். இதே ஊரில் பேக்கரி வைத்திருப்பவர். காவலர் வேடம் கேட்டு வந்தவரை, "உங்க முகத்துல கருணை வழியுது" என்று சொல்லி ஸ்டான்லிதான் கைதியாக்கியிருந்தார்.

"நான் வேணா ஒருதடவை சொல்லிக் காட்டட்டுமா சார்?"

"காட்டுங்க."

எகோன் குதிகால்களைச் சேர்த்து நிமிர்ந்தார். ஜெர்மனில் ஒரே அதட்டல்: "தொப்பியைக் கழட்டு!"

சட்டென்று என் தொப்பி என் கையில் இருந்தது. தலை குனிந்து விறைத்து நின்றேன். செட்டில் இருந்த அறுபது பேரில் கழற்றியது நான் ஒருவன்தான்.

போர்க்காலத்தில் நிஜ நாஜி முகாமில் கைதியாக மூன்று வருடம், காலையும் மாலையும் அந்தக் கட்டளைக்குக் கழற்றியவன் நான். அந்தத் தொனி பேக்கரியில் வராது.

எகோனின் முகம் வெளுத்தது. நான் யாரென்று அவருக்கும் புரிந்துவிட்டது.

செட்டே விழுந்து விழுந்து சிரித்தது.

"பிரமாதம்! கைதி அதட்டுறான், காவலன் நடுங்குறான்!" என்றார் ஸ்டான்லி. "ரெண்டு பேரும் அப்படியே இன்னொரு தடவை செய்யுங்க!"