வற்றாத கிணறு

"இந்த வீடும் வேணாம் தரகரே. வேற பாப்போம்."

அருஞ்சுனை சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார். அவர் மனைவி சங்கரம்மாள் வெயிலுக்கு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னால் போனாள்.

வீட்டுத் தரகர் கருத்தப்பாண்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து மூன்று வீடு காட்டியாயிற்று. முதல் வீட்டில் தறிச் சத்தம் காதைத் துளைக்கிறதாம். இரண்டாவது பஸ் ஸ்டாண்டை ஒட்டி இருக்கிறதாம். இந்த மூன்றாவதில் என்ன குற்றம் என்று மனிதர் சொல்லக்கூட இல்லை.

ஆனாலும் எரிச்சலை முகத்தில் காட்ட முடியுமா? மழை பொய்த்த வருஷம். பங்குனியில் ஒரு வீடு முடித்துக் கொடுத்ததோடு சரி, ஐப்பசி வரைக்கும் அருப்புக்கோட்டையில் ஒரு வீடும் கைமாறவில்லை. வீட்டில் சோளக் கஞ்சிக்கே இழுபறி. இவர்களையும் விட்டால் வேறு கதியில்லை. சிரித்துக்கொண்டே கேட்டார்.

"அண்ணாச்சிக்கு எப்படித்தான் வீடு வேணும்? சொல்லிட்டீகன்னா நேரா அங்கனயே கூட்டிட்டுப் போயிருவேன்."

"திருச்சுழிப் பக்கம் குடிதண்ணிக்கு அலைஞ்சே ஆயுசு போச்சு. பொறவாசல்ல கெணறு உள்ள வீடாப் பாருங்க. ஆளில்லாமப் பூட்டிக் கெடந்தாலும் சரிதான்."

பூட்டிக் கிடக்கிற வீடு ஒன்று கருத்தப்பாண்டியின் கைவசம் இருந்தது. மிளகாய் மண்டி சௌந்தரபாண்டியன் வைகாசியில் தூத்துக்குடிக்குக் குடிபோகும்போது சாவியை இவரிடம்தான் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கு முந்திய மாதம்தான் அந்த வீட்டு மருமகள் செத்துப்போனாள். வாந்திபேதி என்றார் சௌந்தரபாண்டியன். அதற்கு மேல் கேட்பது தரகனுக்கு வேலையில்லை. சின்ன வயதுச் சாவு விழுந்த வீடு என்று தெரிந்தால் எவனும் எட்டிப் பார்க்கமாட்டான் என்பதால் இவரும் வெளியே மூச்சு விடவில்லை.

அவர்கள் அந்தத் தெருவுக்குள் நுழைந்ததும் எதிர்வீட்டுப் பெண் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியூர்க்காரன் வந்து வாங்கிவிடப் போகிறான் என்ற வயிற்றெரிச்சல் என்று கருத்தப்பாண்டி நினைத்துக்கொண்டார்.

அருஞ்சுனை கூடத்தைப் பார்க்கவில்லை, அடுப்படியைப் பார்க்கவில்லை. நேரே புறவாசலுக்குப் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தார். இந்த மாதம்தான் பத்து நாள் பெய்த மழையில் தண்ணீர் ஓர் ஆள் மட்டத்துக்குக் கிடந்தது. சங்கரம்மாள் கிணற்றுச் சுவரைத் தடவியபடி நின்றாள்.

"எந்தக் கோடையிலயும் வத்தாத கெணறு அண்ணாச்சி," என்றார் கருத்தப்பாண்டி. எல்லாக் கிணற்றுக்கும் அவர் சொல்வதுதான்.

"இங்க இருந்தவுக ஏன் போனாக?"

"யாவாரம் பெருகிருச்சு, போய்ட்டாக. ராசியான வீடு. மருமகப்புள்ள பிள்ளைப்பேத்துக்குப் பெறந்த வீட்டுக்குப் போச்சு. ஆம்பளப் புள்ள. தாயும் புள்ளையும் சொகமா இருக்காகளாம்."

சங்கரம்மாள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள். வெயிலில் அலைந்தது ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

அருஞ்சுனை மறுபடி கிணற்றை எட்டிப் பார்த்தார். பிறகு, "டீக்கடையில வேற மாதிரியில்ல சொன்னாக," என்றார். "அந்தப் பொண்ணு இந்தக் கெணத்துல விழுந்து முங்கிச் செத்துப்போச்சாம். பொணம் ஊறுன தண்ணிய எப்படிய்யா குடிக்கிறது?"

கருத்தப்பாண்டி அவசரமாகக் கிட்டே வந்தார். எந்தப் பாவி வத்தி வைத்தான்? இருபது வருஷத் தரகில் அவர் உண்மை பேசிய இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இப்போது உண்மையைச் சொன்னால்தான் வியாபாரம் தப்பும்.

"செத்தது வாஸ்தவந்தான் அண்ணாச்சி. மறைச்சது எந்தப்பு. ஆனா அது வாந்திபேதியில போன உசுரு. இதுல முங்கிச் சாகத் தண்ணி ஏது? சித்திரையில பொட்டுத் தண்ணி கெடையாது. தூர் அள்ள ஆள் கூட்டியாந்தது நாந்தான். அந்தப் புள்ள சாகுறதுக்கு மொத நாள்கூட வேல நடந்துச்சு. உள்ள எறங்குனவன் தரையில குத்தவச்சுப் பீடி குடிச்சான். அந்த மாசம் பூராவும் இருளாண்டி பீப்பாய் வண்டியில கொண்டாந்து ஊத்துன தண்ணியத்தான் குடிச்சாக. வேணும்னா அவனையும் கூப்புடுறேன், கேட்டுக்கங்க."

"இத யாரு கேட்டாலும் சொல்வீகளா?"

"எந்தச் சாமி முன்னால வேணும்னாலும் சூடம் அணைச்சுச் சொல்றேன்."

அருஞ்சுனை மடியிலிருந்து ஒரு தபால் கார்டை எடுத்து நீட்டினார். மடித்து மடித்து நைந்துபோன கார்டு. எழுத்து சௌந்தரபாண்டியனுடையது. கருத்தப்பாண்டி எழுத்துக்கூட்டிப் படித்தார்.

'சித்திரை 18. உங்கள் மகள் அழகுத்தாய் இன்று காலை தண்ணீர் இறைக்கும்போது கால் தவறிக் கிணற்றில் விழுந்து, மூழ்கி இறந்துவிட்டாள். உடம்பு ஊதிவிட்டபடியால் உடனே எரித்துவிட்டோம்.'

"ஆள் விட்டுக்கூடச் சொல்லல. அலறியடிச்சு வந்தா வாசலத் தாண்டி எங்கள விடல. தெருவுல ஒருத்தரும் வாயத் தொறக்கல," என்றார் அருஞ்சுனை. கார்டைத் திரும்ப வாங்கி மடியில் செருகிக்கொண்டார். "சூடமெல்லாம் வேணாம் தரகரே. போலீசு டேசன்ல வந்து சொன்னாப் போதும்."