நாற்பது பாட்டில் பால்மடல்

"ஜலதோஷத்தோடு வளர்ப்பு அறைக்குள் போனது என் தவறு. செடிகள் அழுகியதற்கு நானே பொறுப்பு." இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டு, கூடவே ராஜினாமாவையும் பேராசிரியர் மேஜையில் வைத்துவிட்டுத்தான் காசிநாதன் பஸ் ஏறினான். மடியில் ஈரத்துணி சுற்றிய மண்தொட்டி.

"இன்னாபா அது, இப்படிப் பொத்திப் பொத்தி எடுத்தும்போற?" என்றாள் பக்கத்து சீட்டு அம்மாள். அவன் ஈரத்துணியை இழுத்துச் சரிசெய்தான். ஒரு மாதமாகவே அழுகையும் வரவில்லை, பசியும் வரவில்லை. மரத்துப்போன கால் மாதிரி மனசு கிடந்தது.

காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் டெமான்ஸ்ட்ரேட்டர் அவன். மூன்று வருஷத்துக்கு முன்னால், எழுபத்தொன்றில், அப்பாதுரைப் பெரியவர் வேட்டி முனையில் ஒரு கிழங்கை முடிந்துகொண்டு அங்கே வந்தார். பால்மடல்! ஒரு காலத்தில் அவர் ஊர் ஏரிக்கரை முழுக்க வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடந்த பூ. கரையை வெட்டி அகலப்படுத்தியதில் அத்தனையும் போய், அவர் வீட்டுத் தோட்டத்தில் மட்டும் ஒரே ஒரு செடி தங்கியிருந்தது. அதன் கிழங்கும் அழுகத் தொடங்கியிருந்தது.

ஊர்த் திருவிழாவில் அம்மனுக்கு முதல் பூ பால்மடல்தான். பூ கொண்டுவருகிறவர் தலையில் பட்டுத்துணியால் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை செய்வார்கள். பல வருஷமாக அந்தத் தலை அப்பாதுரையுடையது.

"எப்படியாச்சும் காப்பாத்திக் குடு தம்பி" என்று அழுதேவிட்டார் மனுஷர்.

காசிநாதன் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் பிள்ளை; அறுந்த பட்டிழையைப் பிணைத்துப் பழகிய விரல்கள். கிழங்கின் அழுகாத ஓரத்தை அரிசி மணி அளவுக்குச் சீவினான். கடல்பாசிக் கூழும் சர்க்கரையும் இளநீரும் கலந்து, ஆவியில் வேகவைத்த ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் அதை இறக்கிப் பஞ்சால் அடைத்தான்.

"வெளிக்காத்து பட்டுச்சோ, போச்சு பெரியவரே! கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை பூந்துரும்" என்று முகத்தில் துணி கட்டிக்கொண்டே சொல்லிக் கொடுத்தான். பெரியவரும் வெள்ளிக்கிழமை தவறாமல் தன் தோப்பு இளநீரோடு வந்துவிடுவார்.

ஒன்று நான்காகி, நான்கு நாற்பதாயிற்று. "உங்க ஊர்ல வீட்டுக்கு ஒண்ணு குடுக்கப் போறோம். இனிமே இந்தப் பூவுக்கு அழிவே கிடையாது!" என்று காசிநாதன் துள்ளிக் குதித்த வெள்ளிக்கிழமை அவனுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. பெரியவரை வளர்ப்பு அறையில் உட்காரவைத்துவிட்டு வகுப்புக்கு ஓடினான். திரும்பி வந்து, தும்மலும் கையுமாகப் பாட்டில்களை அடுக்கினான்.

நாலே நாளில் சாம்பல் பூஞ்சை. முப்பத்தொன்பது பாட்டில் போய்விட்டது. ஒன்று மட்டும் எப்படியோ தப்பி, மண்தொட்டிக்கு மாறியது. அதற்கப்புறம் பெரியவரும் வரவில்லை. வராததே அவனுக்கு நல்லதாகப் பட்டது; எந்த முகத்தோடு சொல்வது?

திருப்புட்குழிக்கு அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்தான். அப்பாதுரை தோட்டத்தில் குழி வெட்டி, எரு போட்டு, சுற்றி முள் கட்டிக்கொண்டிருந்தார்.

"பெரியவரே, எல்லாம் போயிடுச்சு. இந்த ஒண்ணுதான்..." காசிநாதன் தொட்டியை நீட்டினான்.

"இது போதும் தம்பி. நல்லாத்தான் வேரு உட்டிருக்குது." அவர் அதிரவும் இல்லை, திட்டவும் இல்லை. அந்தப் பெருந்தன்மைதான் அவனை இன்னும் கொன்றது.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பங்காளி துரைக்கண்ணு எட்டிப் பார்த்தார். "இன்னா சார், எனக்கும் ஒண்ணுன்னாங்களே! இந்த வருசம் அம்மனுக்கு என் கையாலயும் பூ வெக்கலாம்னு குழியெல்லாம் வெட்டி வெச்சிருக்கேன்."

"இல்லீங்க. மத்ததெல்லாம் அழுகிப்போச்சு."

"அட கஷ்டகாலமே!" முகம் சுண்டிப்போய்த் துரைக்கண்ணு உள்ளே போய்விட்டார்.

அப்பாதுரை செடியைக் குழியில் இறக்கி மண் அணைத்தார். "அடுத்த வெள்ளிக்கெயம எளநி எத்தினி கொண்டாரட்டும்?"

"வேணாம் பெரியவரே. வேலைய உட்டுட்டேன்."

"இன்னாபா சொல்ற?"

"என்னாலதானே செத்துச்சு. எழுதிக் குடுத்துட்டேன். இனிமே ஒரு விதையைத் தொடக்கூட எனக்கு யோக்கியதை இல்ல."

பெரியவர் கை மண்ணோடு அப்படியே நின்றுவிட்டது. வேலிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"ஊட்டுக்கு ஊடு பூத்துட்டா, பரிவட்டம் எனக்கு யாருபா கட்டுவாங்க?"

காசிநாதனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அப்பாதுரை தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். "நீ கிளாசுக்குப் போனப்ப, ஒண்ண மட்டும் உட்டுட்டு, மத்த பாட்டில ஒவ்வொண்ணாத் தொறந்து உள்ள ஊதிட்டு மூடினவன் நான்தான் தம்பி."